கிண்ணத்தின் விளிம்பில் பச்சை

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் இரண்டாம் பூசையில் முதல் கல்யாண ஓலை வாசித்துவிட்டார்கள். உன் பெயர், எங்கள் பெயர், ரீட்டாவின் பெயர், அவள் வீட்டார் பெயர். இந்தத் திருமணத்திற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் இருந்தால் வந்து சொல்லவேண்டும் என்று சாமியார் வாசித்து நிறுத்தியபோது கோயிலில் யாரும் இருமக்கூட இல்லை. இன்னும் இரண்டு ஞாயிறு இதே அறிவிப்பு. அதன் பிறகு நீங்கள் கணவன் மனைவி. அன்று மாலை நீ பெங்களூரில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாய். உனக்குப் பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்துவது எனக்கும் கேட்டது. "ஒரே வீடும்மா, ஒரே சமையல். இருக்கிறதே நாலு பேரு. இதுல என்ன கஷ்டம்?" என்றாய். பிறகு நீயே, "உனக்குச் சரிப்படாதுன்னா சொல்லு. கொட்டிவாக்கத்துல ஒரு வீடு பார்த்துக்கறேன். நான் மாத்தலாகி வர்ற பெருங்குடி ஆபீசுக்கும் பக்கம்" என்றாய். உன் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்ததைத்தான் எழுதுகிறேன். போனில் சொல்லக்கூடியது இல்லை இது.

அன்று காலை நடந்ததை முதலில் சொல்கிறேன். பூசை முடிந்து ரீட்டா நம் வீட்டிற்கு வந்தாள். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, "நான் டீ போடறேன் அத்தை, நீங்க உக்காருங்க" என்று சமையலறைக்குள் போனாள். நான் உட்காரவில்லை. வாசற்படியில் போய் நின்றேன். டீத்தூள் எங்கே என்று கேட்டாள். இருக்கும் இடத்தைச் சொல்லியிருக்கலாம். எடுத்துக் கொடுத்தேன். சர்க்கரை கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். வடிகட்டிக்கு அவள் கையை நீட்டினாள், நான் வைத்தேன். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்கு அத்தை. நான் கேக்கறேன், நீங்க குடுக்கறீங்க." நானும் சிரித்தேன். உன் அப்பா இரண்டாவது டம்ளர் கேட்டார். "டீச்சரம்மா, இத்தனை வருஷமா நாம குடிச்சிக்கிட்டிருந்தது என்னது?" என்று என்னைக் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. அவள் போன பிறகு பார்த்தால் என் டம்ளர் மேடை மேலேயே இருக்கிறது. ஆடை கட்டிப் போயிருக்கிறது. நான் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. குடிக்கவில்லை என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அப்போதுதான் பச்சை ஞாபகம் வந்தது.

பச்சையும் நீலமும் உனக்கு மறந்திருக்காது. ஆனால் நீ பார்த்தது பாதி. நீ கல்லூரியில் சேர்ந்த வருஷம் பிராட்வே பக்கம் போய் ஒரு கூண்டோடு வந்து நின்றாய். லவ் பேர்ட்ஸ். ஒன்று பச்சை, ஒன்று நீலம். விற்றவன் பேசியதை அவன் குரலிலேயே பேசிக் காட்டினாய். "இன்னா நைனா யோசிக்கிற? ஆணு ஒண்ணு, பொண்ணு ஒண்ணு. கண்ண மூடிக்கினு எடுத்துக்கினு போ. ஆறு மாசத்துல வூடு பூரா குஞ்சா இருக்கும்." அதற்காக ஒரு சின்னப் பானையில் ஓட்டை போட்டு உள்ளே கட்டித் தொங்கவிட்டாய். பானைக்குள் யாரும் போகவில்லை. பிறகு யாரோ சொன்னார்கள், மூக்குக்கு மேலே நீலமாக இருந்தால் ஆண், பழுப்பாக இருந்தால் பெண் என்று. இரண்டுக்கும் பழுப்பு. இரண்டும் பெண். உன் அப்பா கூண்டுக்கு முன்னால் நின்று வெகு நேரம் சிரித்தார். "ரெண்டு பொம்பளைங்க, ஒரு சமையல்கட்டு. போச்சு" என்றார். அது அவருடைய வழக்கமான தமாஷ். அதில் அவருக்கே தெரியாமல் விஷயம் இருந்தது.

கூண்டில் ஒரே தீனிக் கிண்ணம். பச்சை அதை எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டது என்றுதான் சொல்லவேண்டும். கிண்ணத்தின் விளிம்பில் ஏறி நின்றுகொள்ளும். நீலம் குச்சியில் நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்தால் உடம்பை ஒடுக்கிக்கொண்டு கழுத்தை நீட்டும். நீலத்தின் கால்விரலைக் கொத்தும். நீலம் கீழே போய்விடும். நீ இன்னொரு கிண்ணம் வாங்கிவந்து கூண்டின் மறுகோடியில் மாட்டினாய். பச்சைக்கு வேலை இரட்டிப்பானது, அவ்வளவுதான். இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே. இரண்டும் அதன் கண்ணில் படுகிறதே. "எங்க செக்‌ஷன் ஆபீசரைக் கொண்டாந்து கூண்டுல போட்டுட்டான் பாரு. ரெண்டு சீட்டையும் விடமாட்டான்" என்றார் அப்பா. உனக்குக் கோபம். நீ அந்த வயதில் எல்லா இடத்திலும் அநியாயத்தைப் பார்த்தாய், நல்லதுதான். பச்சையைப் பார்த்து "கொழுப்புடி உனக்கு" என்பாய். நீலத்திற்குத் தனியாகக் கொத்தமல்லித் தழை செருகுவாய். பட்டினப்பாக்கம் கடற்கரையில் அலகு தீட்டக் கணவாய் ஓடு பொறுக்கிவந்து நீலம் உட்காருகிற இடத்தில் கட்டினாய். நானும் அப்படித்தான். பரீட்சைத் தாள் திருத்தும்போது நிமிர்ந்து பார்த்தால் நீலம் கீழ்த்தட்டில் தலை குனிந்து நிற்கும். எனக்கு நெஞ்சு இளகும். பச்சை மேலே நின்று கொத்திக்கொண்டேயிருக்கும். எந்நேரமும் கொத்தல். எவ்வளவு தின்கிறது பார் என்று நாம் பேசிக்கொண்டோம். கிண்ணமும் எப்போதும் நிறைந்தேயிருந்தது. நல்ல வேளை, தீனிக்குக் குறைவில்லை என்றும் நினைத்தோம்.

கடைசியில் நீ ஒரு முடிவுக்கு வந்தாய். கோபாலபுரத்தில் உன் சிநேகிதன் வீட்டில் பெரிய கூண்டு, நிறையப் பறவைகள். பச்சையை அங்கே விட்டுவிடுவது. அங்கே போனால் அதன் திமிர் அடங்கும், இங்கே நீலம் நிம்மதியாகச் சாப்பிடும். பாட்டா செருப்பு டப்பாவில் ஊசியால் ஓட்டை போட்டுத் தயாராக வைத்தாய். கையை உள்ளே விட்டதும் பச்சை உன் விரலைக் கடித்து ரத்தம் வந்தது. "நகரு" என்று சொல்லி நான் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பிடித்தேன். பிடித்த பிறகு துண்டை விலக்கினேன். தம்பி, அந்த நிமிஷத்தை நான் யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. கையில் ஒன்றுமே இல்லை. எலுமிச்சம்பழக் கனம்கூட இல்லை. இறகு இருந்தது, சூடு இருந்தது, நெஞ்சு அடித்துக்கொள்வது இருந்தது. உடம்பு இல்லை. என் விரல் அதன் மார்பில் பட்டது. எலும்பு கத்தி மாதிரி நின்றது. இரண்டு பக்கமும் சதை இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம். நான் உன்னைப் பார்த்தேன். "என்னம்மா?" என்றாய். "நீலத்தைப் பிடி" என்றேன். நீ பிடித்தாய். அது கடிக்கவில்லை. "மார்ல தொட்டுப் பாரு." தொட்டாய். உருண்டையாக இருக்கிறது என்றாய். கொழுகொழு என்று இருக்கிறது என்றாய். பிறகு நீ பச்சையைத் தொட்டாய். தெருவில் கோலமாவுக்காரன் கூவிக்கொண்டு போனான்.

எப்படி என்று பிறகு உட்கார்ந்து பார்த்தோம். ஒளிவுமறைவே இல்லை. இத்தனை நாள் கண்ணெதிரே நடந்ததுதான். பச்சை ஒவ்வொரு தடவை நீலத்தை விரட்டப் பாயும்போதும் கிண்ணத்திலிருந்து தினை சிதறிக் கீழே விழுகிறது. நீலம் கீழ்த்தட்டில் தலை குனிந்து நின்றது சோகத்தில் இல்லை. பொறுக்கிக்கொண்டிருந்தது. நிதானமாக, ஒவ்வொன்றாக, உரித்து உரித்து. பச்சையால் கீழே வரமுடியாது. வந்தால் கிண்ணம் போய்விடும். அந்தக் கிண்ணத்தை எடுத்து நான் வாயால் ஊதினேன். நிறைந்திருந்த கிண்ணம் அப்படியே பறந்தது. எல்லாம் உமி. அடியில் நாலைந்து தினை. லவ் பேர்ட்ஸ் தினையை உரித்துவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே போடும் என்பது நம் மூவரில் ஒருவருக்கும் தெரியாது. தினமும் நிறைந்த கிண்ணத்தைப் பார்த்துவிட்டுப் போனோம். ஆனால் பச்சை உமியைக் கொத்திக்கொண்டேயிருந்ததே, அது எதற்கு? நீ எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னாய். காட்டில் மெலிந்த பறவையை மற்றவை ஒதுக்கும், பருந்து முதலில் அதைத்தான் பார்க்கும், அதனால் சாகக் கிடக்கிற பறவைகூடத் தின்பது மாதிரி நடிக்குமாம். பசியில் நடுங்குகிற ஒன்று, வயிறு நிறைந்த மாதிரி, நம் எதிரிலேயே, அத்தனை நாள். இவ்வளவு சின்னத் தலைக்குள் அவ்வளவு பெரிய கட்டுப்பாடு எங்கே இருந்தது?

இதிலிருந்து உனக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நிறைந்த கிண்ணத்தை நம்பாதே. ரீட்டா "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். எல்லாப் பெண்களும் சொல்வோம். ஆண்கள் நீங்களும் சொல்வீர்கள். உன் அப்பா ஆபீசில் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த வருஷம் முழுவதும் வாசலிலேயே தமாஷ் பேசிக்கொண்டுதான் உள்ளே வருவார். அந்த வருஷம்தான் அவர் அதிகம் தமாஷ் பேசினார். உனக்கு அது தெரியாது. பக்கத்தில் போய், முகத்திற்கு நேராக, ஒரு தடவை ஊதிப் பார். பறந்துபோனால் உமி.

இனி நீ பார்க்காத பாதிக்கு வருகிறேன். செருப்பு டப்பாவைத் தூக்கிப் போட்டோம். எங்கள் பள்ளித் தமிழ் டீச்சர் வீட்டில் கிளி பறந்துபோய்க் காலியாகக் கிடந்த கூண்டை வாங்கிவந்தேன். நீலத்தை அதில் போட்டு உள்ளறையில் வைத்தோம். பச்சை இருந்த இடத்திலேயே, பின்பக்க வராந்தாவில். கிண்ணத்தைக் கழுவி, புதுத் தினை போட்டு, கதவைச் சாத்தினோம். இனி விரட்டவேண்டிய ஆள் இல்லை. இனி சாப்பிடும் என்று நினைத்தோம். சாப்பிடவில்லை. விளிம்பில் ஏறி நின்றது. நீலம் வருகிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றது. உள்ளறையிலிருந்து நீலம் கத்தும். பச்சை பதில் கத்தும். சுவர் நடுவில். தினை அப்படியே. நீ விரல் நுனியில் தினையை ஒட்டி நீட்டிப் பார்த்தாய். குளூக்கோஸ் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தாய். மறுநாள் காலை அது விளிம்பில்கூட நிற்கவில்லை. இறகை உப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, மூலையில். உன் அப்பா குனிந்து பார்த்தார். தமாஷ் எதுவும் சொல்லவில்லை. சட்டை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். நீ கல்லூரிக்குக் கிளம்பும்போது என்னிடம், "சாயங்காலம் இருக்காதும்மா" என்றாய். பெரிய ஆள் மாதிரிச் சொல்லிவிட்டு வாசல் வரை போனாய். திரும்பி வந்து ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனாய்.

அன்று எனக்கு விடுமுறை. உள்ளறையைக் கழுவலாம் என்று நீலத்தின் கூண்டைத் தூக்கி வராந்தாவுக்குக் கொண்டுவந்தேன். வைக்க வேறு இடமில்லை. பச்சையின் கூண்டை ஒட்டி வைத்தேன். வேறு எந்த யோசனையும் எனக்கு இல்லை. வாளியை எடுக்கப் போனேன். பின்னால் ஒரு சத்தம். டிக், டிக் என்று, நகத்தால் நகத்தை உரசுகிற மாதிரி. நீலம் அதன் கிண்ணத்தில் தினை உரிக்கிறது. பகல் வெயில் தரையில் கட்டமாக விழுந்திருந்தது. பச்சை கண்ணைத் திறந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்தது. நான் வாளியைக் கையில் பிடித்தபடி நின்றேன். பச்சை எழுந்தது. ஒரு கால், பிறகு இன்னொரு கால். குச்சியில் நகர்ந்து கிண்ணத்திடம் வந்தது. விளிம்பில் ஏறவில்லை. பக்கத்தில் நின்று, குனிந்து, ஒரு தினையை எடுத்தது. உரித்தது. விழுங்கியது. நீலம் நிறுத்தினால் இதுவும் நிறுத்தும். நீலம் ஆரம்பித்தால் இதுவும் ஆரம்பிக்கும். இரண்டு கூண்டு, இரண்டு கிண்ணம், ஒரே சத்தம். யாரை அண்டவிடாமல் அடித்து விரட்டியதோ, அது பக்கத்தில் தின்கிற சத்தம் கேட்காமல் பச்சைக்குப் பசிக்கவே இல்லை. நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். வாளித் தண்ணீர் புடவையில் கொட்டியது. கோயிலில் அப்பத்தை உயர்த்தும்போது மணி அடிப்பார்களே, அப்போது ஒரு அமைதி வருமே. சொன்னால் பாவமோ என்னவோ. அப்படித்தான் இருந்தது.

நீ வந்தாய். செருப்பைக்கூடக் கழற்றாமல் "இருக்குதா?" என்றாய். "சாப்பிட்டது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கூண்டுகளை ஒட்டியே வைத்தோம், கிண்ணங்களை ஒரே உயரத்தில் மாட்டினோம், இரண்டுக்கும் ஒரே நேரத்தில் உமியை ஊதித் தினை போட்டோம். நீ அதை ஒரு ஏற்பாடு என்று நினைத்திருப்பாய். போகப் போக, கம்பிக்கு இந்தப்பக்கம் ஒன்றும் அந்தப்பக்கம் ஒன்றுமாகத் தலையை நீட்டி, ஒன்றின் கழுத்தை மற்றது கோதிவிடும். கம்பி இருந்ததால் கோதியது. எடுத்தால் கொத்தியிருக்கும். இரண்டும் உண்மை. ஏன் என்று எனக்கு இன்றும் தெரியாது. தெரியவேண்டும் என்றும் இல்லை.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். இங்கே எல்லோரும் ரீட்டாவுக்காகத்தான் கவலைப்படுகிறார்கள். மாமியார் டீச்சர், பாவம் அந்தப் பெண் என்று கோயில் வாசலில் பேசிக்கொள்வது என் காதிலும் விழுகிறது. எனக்கு அவளைப் பற்றிக் கவலை இல்லை. அவள் சிரிக்கத் தெரிந்தவள். சிதறுவதைப் பொறுக்கி உருண்டையாக இருந்துவிடுவாள். என்னைப் பற்றித்தான் பயமாக இருக்கிறது. நான் வாசற்படியில் நிற்பேன். நல்லெண்ணத்தோடுதான் நிற்பேன். உப்பு எடுத்துக் கொடுப்பேன். நீங்கள் மூவரும் என்னைப் பார்த்து, அம்மா எவ்வளவு திடமாக இருக்கிறாள் என்பீர்கள். அதனால் ஒரே சமையல் வேண்டாம். கொட்டிவாக்கமும் வேண்டாம். அங்கே போனால் நடுவில் அடையாறு, அதற்கப்பால் அத்தனை ரோடு. சுவரைவிட மோசம். நம் தெருவுக்குப் பின்தெருவில், கிணறு இருக்கிற வீட்டில், மாடிப் போர்ஷன் காலியாகிறது. அதன் சமையலறை ஜன்னலும் நம்முடையதும் எதிரெதிரே, இடையில் ஒரு முருங்கைமரம். போய்ப் பேசிவிட்டேன். உன் அப்பாவிடம் பிறகுதான் சொன்னேன். கத்தினார். "ஒரே புள்ள. ஓலை வாசிச்சு முடியறதுக்குள்ள தனிக்குடித்தனமா? பெத்தவளே தள்ளிவிட்டான்னு சொல்வாங்க. நான் எப்படிக் கோயிலுக்குப் போறது?" "நடந்துதான்" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேச்சு இல்லாத அந்த இரண்டு நாளும் நான் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்துத்தான் வந்து உட்கார்ந்தார். நான் அதைக் கவனித்தேன். இந்த மனிதரோடு இத்தனை வருஷம் இருந்து இப்போதுதான் கவனித்தேன்.

நேற்று ரீட்டாவைப் பார்க்க அவள் வீட்டிற்குப் போனேன். உன்னிடம் கேட்பதற்கு முன் அவளிடம் கேட்கவேண்டும் என்று தோன்றியது. அவள் கோபித்துக்கொள்ளலாம், அழலாம், அல்லது விட்டது தொல்லை என்று சந்தோஷப்படலாம். எதற்கும் தயாராகத்தான் போனேன். பறவை, கிண்ணம், எதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்தெருவில் வீடு, எதிரெதிர் ஜன்னல், தனிச் சமையல், உனக்குச் சம்மதமா என்று மட்டும் கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் மிக்ஸி போட்டா உங்களுக்குக் கேக்குமா அத்தை?" என்றாள்.

"கேக்கும்" என்றேன்.

"நீங்க போட்டா எனக்கு?"

"உனக்கும் கேக்கும்."

"அப்ப சரி அத்தை" என்றாள்.

அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். கனமான, சூடான கை. வீட்டு அட்வான்ஸைப் பற்றி நீ வந்து பேசிக்கொள்.

அம்மா